ஆளில்லாத அறையில் ஓடிய கம்ப்யூட்டர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. இந்த மாதம் கரண்ட் பில் எகிறிவிட்டது. கூடத் தங்கியிருக்கும் மூன்று பேரும் என் கம்ப்யூட்டரைத்தான் முறைத்தார்கள். நான் வேலைக்குப் போன பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும். மூவரில் ஒருவர் எலக்ட்ரீஷியன். பிளக்கில் மாட்டும் சின்ன மீட்டரைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அளந்தார். கம்ப்யூட்டர் இழுத்தது கொஞ்சம்தான். கதவு ரப்பர் கிழிந்த பழைய ஃபிரிட்ஜ்தான் மொத்தத்தையும் விழுங்கியிருக்கிறது. அதை ஓசியில் வாங்கி வந்ததாகப் பெருமையடித்தவர் மூவரில் இன்னொருவரான சமையல்காரர்; அன்றே புது ரப்பர் தேடிக் கடைக்கு ஓடினார்.

"சரி தம்பி, ஆளே இல்லாத ரூம்ல அது எதுக்கு ஓடுது?" என்று கேட்டார் எலக்ட்ரீஷியன்.

"ஏதோ டவுன்லோடு ஆகுதுண்ணே" என்று சமாளித்தேன்.

உண்மையில், வேலை முடிந்து வந்து என் அறைக் கதவைத் திறக்கும்போது உள்ளே ஏதாவது ஒன்று விழித்திருக்கட்டுமே என்றுதான், அப்பா. திட்டாதீர்கள், இப்போதெல்லாம் அணைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

ஒரே ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வீடியோவில் பேசி முடித்ததும், "கரண்டு வீணாப் போகுதுடா" என்று முதல் வேலையாக வீட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துவிடுகிறீர்கள். இனி அழைப்பைத் துண்டிக்காமல் அதை மட்டும் கடைசியில் அணையுங்கள். நீங்கள் அறை அறையாகப் போய் மற்ற சுவிட்சுகளை அணைக்கும் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்