கன்னம் பதிந்த கட்டை

பாலி, பென்சில்வேனியா
4 அக்டோபர் 1988

மதிப்பிற்குரிய கொழுந்தனார் அம்ப்ரோஸ் அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். நீங்களாக எழுதித் தெரிவிக்கும் வழக்கம் இல்லாததால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

உங்கள் அண்ணா லியாண்டரின் நீளத் துப்பாக்கியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சுவரிலிருந்து விழுந்து, அதன் மரக்கட்டை கைபிடிக்கும் இடுப்பில் இரண்டாக முறிந்துவிட்டது. இரும்புக்குப் பழுதில்லை. பழைய காலத்துத் துப்பாக்கியைப் பார்த்து அவர் செய்துகொண்ட நகல்தான் அது. கண்காட்சிக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான் பார்ப்பேன்.

நீங்கள்தான் புதுக்கட்டை செதுக்கித் தர வேண்டும். அதே மேப்பிள் மரம், அதில் அதே புலிவரி, அதே நீளம். ஊர் வழக்கப்படி புத்தாண்டுக் காலையில் எங்கள் வாசலிலும் குண்டில்லாமல் வெற்று மருந்து வெடித்தாக வேண்டும். அவர் போனபின் வந்த புத்தாண்டில் இந்தத் தெருவில் சத்தம் எழாத வாசல் இது ஒன்றுதான். பக்கத்து வீட்டு ராய்டன் வேலியருகே நின்று, "என்ன ஒட்டீலியாம்மா, உங்க வீட்ல மட்டும் இன்னும் பழைய வருஷமே ஓடுதா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். நான் சிரிக்கவில்லை.

அடக்கத்துக்கு நீங்கள் வராததைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

இப்படிக்கு,
ஒட்டீலியா ரெப்பர்ட்

*

எல்கின்ஸ், மேற்கு வர்ஜீனியா
17 அக்டோபர்

அன்புள்ள அண்ணிக்கு,

பார்சல் வந்தது. மூன்று பலகைகளின் படங்கள் இதோடு இருக்கின்றன.

முதலாவது நல்ல புலிவரி. உங்கள் கண் அங்கேதான் போகும். ஆனால் இடுப்பு வரும் இடத்தில் மரத்தின் ரேகை குறுக்கே ஓடுகிறது, மறுபடி அங்கேயே முறியும். இரண்டாவது வால்நட். அண்ணன் அதைத் தொடவே மாட்டான், "சவப்பெட்டி நிறம்டா அது" என்பான். மூன்றாவதில் வரி லேசு, பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் ரேகை வளைவோடு கூடவே வருகிறது. நானாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன்.

ஒரு கேள்வி. கட்டை என்பது சட்டை மாதிரி. முழங்கை மடிப்பிலிருந்து விசைவிரல் வரை அளந்து, ஒருவர் உடம்புக்கு வெட்டுவது. புத்தாண்டன்று துப்பாக்கியைத் தூக்கப்போவது யார்?

முன்பெல்லாம் என்னை "டேய்" என்று கூப்பிட்டவர் நீங்கள். இந்த "அவர்களுக்கு" ரொம்பக் குளிருகிறது, அண்ணி.

அன்புடன்,
அம்ப்ரோஸ்

*

பாலி
1 நவம்பர், அனைத்துப் புனிதர் பெருவிழா

கொழுந்தனாருக்கு,

முதல் பலகை. நீளம் அவருடைய நீளம், பதினாலு அங்குலம். கால் அங்குலம்கூடக் குறையக் கூடாது.

வெடிக்கத் தானே வருவதாக ராய்டன் சொல்கிறார். "நான் தூக்குறேன்மா, எனக்கென்ன கை இல்லையா?" என்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். அந்தத் தோளில் அது ஏறுவதை நான் பார்க்க முடியாது. யார் தூக்குவது என்பது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இல்லை.

காலையில் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்றில் மூன்று முறை அணைந்தது. கோட்டை விரித்து மறைத்துக்கொண்டு நின்றேன்.

ஒட்டீலியா

*

எல்கின்ஸ்
14 நவம்பர்

அண்ணி,

கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் பலகையைத் தர மாட்டேன்.

இது சுவரிலிருந்து விழுந்த துப்பாக்கி இல்லை. விழுந்திருந்தால் பக்கவாட்டில் எங்காவது அடி இருக்கும். தோளில் வைக்கும் முனையில் மட்டும்தான் நசுங்கல். யாரோ தோளுக்குத் தூக்கி, கை எட்டாமல் நழுவவிட்டிருக்கிறார்கள். கன்னம் பதியும் பக்கத்தில் முகப்பவுடர் ஒட்டியிருக்கிறது. என் அண்ணன் பவுடர் பூசுகிற ஆள் இல்லை.

நான் அதைத் துடைக்கவில்லை. அதற்கு ஒரு விரற்கடை முன்னால், அவன் கன்னம் தேய்த்துத் தேய்த்து மெருகு போன இடம். எண்ணெய்க் கை படாமல் வைத்திருக்கிறேன்.

அடக்கத்தன்று பாதி வழி வந்தேன். ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். நான் எப்போது வந்தாலும் அண்ணன் வாசலிலேயே நின்று, "எங்கடா இவ்ளோ நேரம்?" என்று அதட்டுவான். அன்றைக்குக் கேட்க யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. வண்டியைத் திருப்பிவிட்டேன்.

வேலை முடிந்ததும் பழைய கட்டையின் பின்பாதியை நான் வைத்துக்கொள்ளட்டுமா?

அம்ப்ரோஸ்

*

பாலி
26 நவம்பர்

அன்புள்ள அம்ப்ரோஸ்,

மூன்றாவது பலகையையே போடு.

நீளம் பன்னிரண்டரை அங்குலம். கான்வென்டில் தையல் சிஸ்டர் கற்றுக்கொடுத்தபடி நாடாவைத் தொய்யவிடாமல் இரண்டு தடவை அளந்தேன். குளிர்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு அளந்தது. புத்தாண்டுக் காலையில் கோட்டில்லாமல் வாசலில் நிற்கிற வயதில்லை எனக்கு.

கன்னத்துக்கு எங்கே செதுக்குவது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு அதைத் தூக்கியபோது எவ்வளவு கழுத்தை நீட்டியும் அவர் இடத்துக்கு என் கன்னம் போய்ச் சேரவில்லை. எவ்வளவு தூரம் சேரவில்லை என்பது அந்தப் பவுடரில் இருக்கிறது. நீயே அளந்துகொள்.

பின்பாதியை நீ வைத்துக்கொள்ள முடியாது. தபாலில் போடவும் கூடாது. துப்பாக்கியோடு அதையும் புத்தாண்டுக்கு முந்தின நாளே நீ எடுத்துக்கொண்டு வா. பன்றி இறைச்சியும் புளித்த முட்டைக்கோசும் இரண்டு பேருக்குச் செய்து வைக்கிறேன். பாதி வழியில் திரும்புகிற வேலை இந்தத் தடவை வேண்டாம்.

எத்தனை மணிக்கு வந்தாலும் வாசலில் நிற்பேன். எங்கடா இவ்ளோ நேரம் என்று நான் கேட்கிறேன்.

அண்ணி