அஞ்சு நிமிஷம் என்று சொல்லக்கூடாது

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. நானும் பட்டாணியும் நலம். இந்த 'நலம்' என்ற வார்த்தையை இப்போதெல்லாம் யோசித்துத்தான் எழுதுகிறேன். சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அவள் வாரத்தில் நான்கு நாளாவது பள்ளிக்கூடம் போகிறாள். அந்த அளவுக்கு நலம்.

ஃபோன் பண்ணாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோன் என்றால் நீ மூக்கை உறிஞ்சுவாய், நான் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவேன். போன தடவை அந்தச் சாக்குகூடச் சொல்லாமல் வைத்தேன். "பட்டாணியை ஒரு ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போடா" என்றாய். "எம் பொண்ணு ஒண்ணும் பைத்தியம் இல்ல. உன் ஆஸ்பத்திரி புத்தியை நீ வேலை பாக்குற ஆஸ்பத்திரியோட வெச்சுக்கோ" என்றேன். அப்புறம் இரண்டு மாதமாக உன் அழைப்பை எடுக்கவில்லை. மன்னித்துவிடு. நீ சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், உன்னிடம் சொல்லாமல்.

அவள் அம்மா தவறிப்போனதிலிருந்து தினமும் காலையில் பட்டாணிக்கு வயிற்றுவலி. டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாத வலிக்கு ஒன்பது வயதுப் பிள்ளை அப்படிச் சுருண்டு படுக்காது. ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது டூல்ஸ் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை மணிக்கு வருவே?" என்றாள். வந்துவிடுவேன் என்றேன். விடவில்லை. அங்கே ஒரு கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் ஆளோடு நிற்கிறது, மேலதிகாரி ஃபோனில் கத்துகிறார். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டுப் போனேன். அன்றைக்கு மத்தியானம்தான், நான் அப்படிப் பேசிய பிறகும் நீ அனுப்பியிருந்த ஆலோசகர் நம்பரைத் தேடி எடுத்தேன்.

வியாழக்கிழமை நாலரை மணிக்கு வரச் சொன்னார்கள். எதையாவது எழுதிவைத்துக்கொண்டு, இவன் பிள்ளை வளர்க்க லாயக்கில்லை என்று சொல்லிவிட்டால்? அதனால் உன் தம்பி ஒரு புத்திசாலித்தனம் செய்தான். லிஃப்ட் சர்வீஸ் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் பதில்களை எழுதி, அவளைப் பரீட்சைக்குப் போல மனப்பாடம் பண்ண வைத்தேன். அம்மா பத்திக் கேட்டா, பழகிடுச்சு. தூக்கம், நல்லா வருது. வயித்துவலி, இப்போ இல்ல. அப்பா, நல்லவர். கடைசிப் பதிலுக்கு மட்டும் அவள் கொஞ்சம் சிரித்தாள்.

ஊசியும் வெள்ளைக் கோட்டுமாக எதையோ எதிர்பார்த்துப் போனேன். மருந்துக்கடை மாடியில் சின்ன அறை, அவ்வளவுதான். குட்டி நாற்காலிகள், களிமண், கலர் பென்சில், கை உடைந்த பொம்மை ஒன்று. ஆலோசகர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். என்னைப் பார்க்காமல் பட்டாணியைப் பார்த்துத்தான் முதலில் பேசினார். "நீ இங்க சொல்றது இங்கயே இருக்கும். உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் அப்பாகிட்ட சொல்லுவேன், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான்" என்றார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் இருந்த கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தவளின் கையெல்லாம் களிமண். எத்தனை தடவை வந்தால் சரியாகும் என்று நான் கேட்டேன், என்னிடம் வாடிக்கையாளர்கள் கேட்கும் அதே குரலில். "தெரியலைங்க. ஆறு தடவை பார்த்துட்டுப் பேசுவோம். நடுவுல அழுகை கொஞ்சம் கூடினாலும் பயந்துடாதீங்க" என்றார். பிறகு என் சர்வீஸ் சீட்டை நீட்டினார். பட்டாணி உள்ளே போனதும், "எனக்குப் பாதி மறந்துபோச்சு, நீங்களே படிச்சுக்கோங்க" என்று அதைக் கொடுத்திருக்கிறாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. "அவகிட்ட கேட்டுட்டுத்தான் காட்டுறேன். பதிலெல்லாம் நல்லா இருக்கு. இதே கேள்விகளை உங்ககிட்ட கேக்கணும், ஒருநாள் தனியா வாங்க" என்றார்.

போனேன். பழகிடுச்சு என்று ஆரம்பித்தேன், மேலே வரவில்லை. யாரென்றே தெரியாத ஒரு பெண்மணி முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன் அக்கா. அவர் அழாதீங்க என்று சொல்லவில்லை. காகிதக் கைக்குட்டைப் பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டுக் காத்திருந்தார்.

வெட்கத்தில் பேச்சை மாற்றி என் வேலையைப் பற்றிப் பேசினேன். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் கதவுக்குப் பக்கத்தில் போய்க் குரல் கொடுக்க வேண்டும், ஆள் வந்தாச்சு என்று. எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். சும்மா அஞ்சு நிமிஷம் என்று சொல்லக்கூடாது. அஞ்சு நிமிஷம் தாண்டியதும்தான் உள்ளே இருப்பவருக்கு உண்மையான பயம் வரும், அப்புறம் நாம் சொல்கிற எதையும் நம்பமாட்டார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்வது இது.

உனக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் வந்த அன்று, அம்மா ரெண்டு நாளில் வந்துவிடுவாள் என்று பட்டாணியிடம் சொன்னேன். டாக்டர் கையை விரித்த பிறகும், பதினோரு நாள், தினமும் நாளைக்கு நாளைக்கு என்றேன். "பிள்ளைகிட்ட சொல்லிடு, ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டு" என்று நீ அடித்துக்கொண்டாய். நான் கேட்கவில்லை. அவள் அம்மாவைப் பார்க்கவே இல்லை.

நான்காவது வாரம், அந்த அறையிலேயே, அம்மா பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் முன்பே சொன்னதை அவளிடம் சொன்னேன். "உனக்கு அன்னிக்கே தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "பின்ன ஏன் சொல்லல?" என்றாள். பயமாக இருந்தது என்றேன். கையில் இருந்த களிமண்ணை என் சட்டையில் விட்டெறிந்தாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை பை வாரைப் பிடித்துக்கொண்டு அதே கேள்வி. ஆறு மணிக்கு வருவேன், முடியாவிட்டால் ஆறுக்கு முன்னால் ஃபோன் பண்ணுவேன், எப்போது என்று தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்வேன் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் அவளாகவே கையை எடுத்தாள்.

வயிற்றுவலி முழுக்கப் போகவில்லை. திங்கட்கிழமை கட்டாயம் வருகிறது. எனக்கும் இப்போது மாதம் இரண்டு தடவை அந்த மாடியில் நாற்காலி உண்டு. ஏச்சு வாங்கிக்கொண்டும் நீ அந்த நம்பரை அனுப்பினாயே, அந்தப் புண்ணியத்தில்தான் இந்த வீட்டில் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகிறோம். உனக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். அத்தை எப்போது வருவாள் என்று பட்டாணி கேட்கிறாள். சீக்கிரம் வருகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதே. தேதி தெரிந்தால் தேதியை எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுது. நீ எழுதுவதை அப்படியே படித்துக் காட்டுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பாசமுள்ள,
தம்பி