அலமாரிக்குள் போன குடித்தனம்

பிள்ளைகளின் அப்பாவுக்கு வணக்கம்.

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தை வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா?

இந்த வீடு விற்றால்தான் நான் அங்கே வந்துசேர முடியும் என்பதால், தரகர் சொன்னபடியெல்லாம் ஆடுகிறேன். "இங்க ஆள் இருக்கிற மாதிரியே தெரியக் கூடாதும்மா" என்றார். அதனால் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய், ஆஸ்பத்திரிச் சீருடை இரண்டு. மற்ற எல்லாவற்றையும் படுக்கையறை அலமாரியில் திணித்து, கதவை முழங்காலால் தள்ளி மூடினேன். ஒரு மாதமாக அப்படித்தான் இருக்கிறேன். பழகிவிட்டது.

நேற்று ஒரு தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். தரகர் தடுப்பதற்குள் அந்த அம்மாள் அலமாரியைத் திறந்துவிட்டார். குக்கர் என் காலில் விழுந்தது. நகம் கறுத்ததோடு சரி, வேலைக்குப் போய்வருகிறேன். பின்னாலேயே நீங்கள் தூக்கிப்போடச் சொன்ன பிளாஸ்டிக் டப்பாக்கள் அத்தனையும் சரிந்தன. தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மாளோ கணவரை இடித்து, "ஏங்க, பாத்தீங்களா? ஒரு குடித்தனமே உள்ள போயிருக்கு. நம்ம வீட்டுல உங்க பேப்பர் கட்டுக்கே இடமில்ல" என்றார்.

இன்று காலை, வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாதக் கடைசியில் சாவி கொடுக்க வேண்டும்.

சின்னவளின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். செருப்புக் கடையில் என்ன அளவு என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மிச்சத்தை வந்தே சொல்கிறேன்.