சுண்டைக்காய் அளவு

ஆம்பூர்
7-6-1931

மகராசனாக இருக்க வேண்டிய மூத்த மகன், ஜெயில் வார்டர் காசிநாதனுக்கு, தகப்பன் துரைசாமி சொல்லச் சொல்ல ஆரோக்கியமேரி டீச்சர் எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். உன் தம்பி கன்னியப்பனை நீ வேலை பார்க்கிற ஜெயிலுக்கே அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். நாலு மாசம். அவனோடு பிடிபட்ட முனீர் அகமதுக்கும் தானியேலுக்கும் ஆறு மாசம். அவர்கள் முன்னமே ஒரு தடவை அபராதம் கட்டினவர்கள்.

நடந்தது உனக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. மூன்று பேரும் தோல் பதனிடும் மண்டியில் சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவர்கள். கால் வெடிப்பும் வயிற்றுப்போக்கும் தாங்காமல் அபின் பழகினவர்கள். லைசென்ஸ் கடையில் வாங்கின சரக்குதான். மூன்று பேர் பங்கையும் நான் ஒரே டப்பாவில் வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் என் கையால் ஆளுக்கு ஒரு உருண்டை கொடுப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இரண்டு வருஷத்தில் அரைநெல்லி அளவிலிருந்து சுண்டைக்காய் அளவுக்கு வந்திருந்தோம். "இன்னா தாத்தா, நெல்லிக்கா குடுத்த கையி சுண்டைக்கா குடுக்குது. அடுத்த ரம்ஜானுக்கு எள்ளா?" என்று முனீர் கேலி பண்ணுவான். பண்ணிவிட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவான். கன்னியப்பன் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் நின்றதில்லை.

அன்றைக்கு டப்பா கன்னியப்பன் கையில் இருந்தது. ஒரு ஆள் வைத்திருக்கலாம் என்ற அளவுக்கு மேலே இருக்கிறது என்று மூன்று பேரையும் பிடித்துக்கொண்டார்கள். டப்பா என்னுடையது என்று போய் நின்றேன். "போ பெரிசு, போய்ப் படு" என்றான் போலீஸ் சேவகன்.

கன்னியப்பன் எப்படி இருக்கிறான், எழுது. நாலு மாசத்தில் தண்டனைக் கழிவு எத்தனை நாள், எந்தத் தேதியில் விடுவார்கள் என்பது உங்கள் ஆபீசில்தான் தெரியும். அதையும் எழுது. அது எனக்குக் கட்டாயம் வேண்டும்.

துரைசாமி, இடது பெருவிரல் ரேகை


வார்டர் லைன்
21-6-1931

நைனா அவர்களுக்கு, மகன் காசிநாதன் கும்பிட்டு எழுதுவது.

தம்பி முதல் பத்து நாள் வாந்தி, பேதி, உதறல். சுவரில் தலையை முட்டிக்கொண்டான். என்னைப் பார்த்து, "அண்ணா, ஒண்ணே ஒண்ணு, நைனா குடுப்பாரே அந்த மாதிரி" என்றான். நான் திரும்பி நின்றுகொண்டேன். இப்போது களி தின்கிறான். நீங்கள் இரண்டு வருஷமாகச் செய்தும் ஆகாததை ஜெயில் பத்து நாளில் செய்துவிட்டது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பெற்ற கையால் விஷத்தை உருட்டிக் கொடுக்கலாமா? கூட வேலை பார்க்கிறவர்கள், "இன்னாப்பா, உங்க வூட்ல காலைப் பலகாரமே அபின்தானாமே?" என்கிறார்கள். என்னால் தலை நிமிர முடியவில்லை. தம்பி சம்சாரம் ராஜம்மாளுக்குத் தைரியம் சொல்லுங்கள்.

தங்கள் மகன்
காசிநாதன்


ஆம்பூர்
12-7-1931

மகன் காசிநாதனுக்குத் தகப்பன் ஆசீர்வாதம்.

அவன் களி தின்கிறான் என்று டீச்சர் படித்ததும் ராஜம்மாள் இரண்டு வாய் சோறு கூடுதலாகத் தின்றாள். நல்லது.

நீ பிறக்கும் முன்னே நடந்ததைச் சொல்கிறேன். நான் குழியில் இறங்கின வருஷம், மண்டிக் காவல்காரன் பச்சையப்பன் மூன்று மாசம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். செவ்வாய்க்கிழமை. காலையில் பழைய அளவையே போட்டுப் படுத்தான். பெண்டாட்டி சாயந்திரம் எழுப்பினாள், எழுந்திருக்கவில்லை. பிளேக் வந்த வருஷம் வண்டிக்காரன் காதர். அப்புறம் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே மாசத்தில். இந்த நாலு பேரில் ஒருத்தனும் ஜெயிலில் சாகவில்லை. வெளியே வந்து முதல் உருண்டையில் போனார்கள்.

நீயும் குழியோரம் வளர்ந்தவன். புதுத் தோலை எடுத்தவுடனே ஆவாரம்பட்டையின் கட்டிச் சாற்றில் போடுவோமா? மேலே வெந்து உள்ளே பச்சையாக நிற்கும். இளஞ்சாற்றில் தொடங்கித்தான் ஏற்றுவோம். ஜெயிலிலிருந்து வருகிற உடம்பு புதுத் தோல். அவன் ஆசைதான் பழசு. நான் வாசலிலேயே நிற்கிறேன். கேட்டால் மிளகு அளவு கொடுப்பேன். கேட்காவிட்டால் கொடுக்க மாட்டேன். தேதியை எழுது.

துரைசாமி, ரேகை


வார்டர் லைன்
6-9-1931

நைனா அவர்களுக்கு நமஸ்காரம்.

ஆகஸ்டில் நீங்கள் போட்ட இரண்டு கடிதமும் வந்தன. எல்லாவற்றிலும் அதே கேள்வி.

தம்பிக்குக் கன்னத்தில் சதை வைத்துவிட்டது. அபின் பேச்சையே எடுப்பதில்லை. தேதியை நான் சொல்ல மாட்டேன். அபினோடு ஜெயில் வாசலில் நின்றால் உங்களை உள்ளே போடுவார்கள், என் உடுப்பையும் கழற்றிவிடுவார்கள். எனக்கு மூன்று பிள்ளைகள். அவனை ரயிலேற்றி அனுப்புவது என் பொறுப்பு. இங்கிருந்து சுத்தமாகப் புறப்படுகிறவன் சுத்தமாகவே வீடு வந்து சேரட்டும்.

கோபம் வேண்டாம். உங்கள் நல்லதுக்கும்தான்.

காசிநாதன்


ஆம்பூர்
27-9-1931

காசிநாதனுக்கு,

கன்னியப்பன் பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை வந்தான். நானும் ராஜம்மாளும் அன்றைக்குத் திமிரியில், என் தங்கை மகளின் நிச்சயதார்த்தத்தில் இருந்தோம். தேதி தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டோம்.

வீடு பூட்டியிருந்ததால் மண்டிக்குப் போனான். தோஸ்த் ஒருத்தன், பேர் வேண்டாம், "நாலு மாசம் காஞ்சு வந்திருக்கான், பாவம்" என்று ஒரு உருண்டை கொடுத்தான். பட்டைக் குவியல் பக்கம் படுத்தான். பெரிய குறட்டை. அலுப்பு என்று விட்டுவிட்டார்கள். நாலு மணிக்குச் சங்கு ஊதினபோது குறட்டை நின்றிருந்தது.

கொடுத்தவன் என் காலைப் பிடித்துக்கொண்டு, "நீ குடுக்கிற அளவுதான் தாத்தா. அதே சுண்டைக்கா. ஒரு இம்மி ஜாஸ்தி இல்ல" என்றான். உண்மைதான். நான் கேட்டு, உருட்டிக் காட்டினான். என் அளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம். உனக்குத் தந்தி கொடுக்கலாம் என்றேன். ராஜம்மாள், "எதுக்கு மாமா? அவருக்குத் தேதியெல்லாம் நம்மளவிட நல்லாத் தெரியும்" என்றாள். அதனால் கொடுக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன். மண்டிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

முனீரும் தானியேலும் இன்னும் உள்ளே இருக்கிறார்கள். முனீரின் தாய் முனவ்வர் பேகம் தினமும் வந்து, "எப்ப வர்றான் அண்ணே, எப்ப வர்றான்?" என்று கேட்கிறாள். அவர்கள் இரண்டு பேர் தேதியையும் எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

(பெரியவர் சொன்னது இவ்வளவுதான். ரேகை வைக்காமல் எழுந்து போய்விட்டார். - ஆரோக்கியமேரி)


வார்டர் லைன்
25-10-1931

நைனா,

முனீர் அகமது, நவம்பர் 14, சனிக்கிழமை.
தானியேல், நவம்பர் 21, சனிக்கிழமை.
இரண்டு நாளும் காலை ஏழு மணி.

வாசலில் வந்து நிற்கிறவர்களைச் சோதனை போடும் வேலையை அந்த இரண்டு நாளும் நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். நீங்கள் வரலாம். என்னோடு பேச வேண்டியதில்லை.

காசிநாதன்