எதிரில் உட்கார்ந்து

1934 ஜூன் 4, திங்கள். ஆம்பூர்.

ஷாப்பில் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை தீருகிறது. தோல்கள் தொட்டியில் காத்துக் கிடக்கின்றன. நானும் தம்பி வாஹித் பாஷாவும் எத்தனையோ வருஷமாக இந்தத் தோல் ஷாப்பை நடத்துகிறோம். ஏதாவது ஒன்று தீராத நாள் என்று ஒன்று இருந்ததில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டேன். நாளை பட்டணம் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பெங்களூர் வியாபாரிகள் நாலு பேர் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள் என்று, செருப்பை மாட்டிக்கொண்டே நசீமாவிடம் சொன்னேன். சரி என்றாள். நல்ல மனைவி. எதையும் இரண்டு முறை சொல்ல வைப்பதில்லை.

ஜூன் 5, செவ்வாய்

பட்டணம். வெயில். எழுத நேரமில்லை.

ஜூன் 8, வெள்ளி

பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள். வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பும் மூன்று பேருக்கான சோறும் இருந்தன. கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி பிரியாணி வரவழைப்பதற்குள் அவர்கள் என் வீட்டுச் சுவர்களை நன்றாகப் பார்த்து முடித்துவிட்டார்கள்.

"மறந்துட்டேங்க" என்றாள் நசீமா. மறக்கிற விஷயமா இது என்று திட்டினேன். மகள் ஃபரீதா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பதினைந்து வயதுக்கு அவளுக்கு முகபாவம் ஜாஸ்தி.

ஜூன் 19, செவ்வாய். வேலூர் ஆஸ்பத்திரி.

போன செவ்வாய்க்கிழமை ஆம்பூர் ஸ்டேஷனில், கிளம்பிவிட்ட ரயிலில் ஏறினேன். எப்போதும் அப்படித்தான் ஏறுவேன். இந்த முறை கால் படியில் பட்டது, நிற்கவில்லை. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டும் முறிந்தன.

ஓடுகிற ரயிலில் ஏன் ஏறினீர்கள் என்று டாக்டர் கேட்டார். ரயில் நின்றிருந்தபோது நான் வந்து சேரவில்லை என்றேன். அதை எழுதிக்கொண்டார்.

ஆகஸ்டு கடைசி வரை மாவுக்கட்டு. ஆகஸ்டு கடைசி — யார் ஷாப்பைப் பார்க்கறது? வாஹித்துக்கு இன்னா தெரியும்?

ஜூன் 28, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டேன். கூடத்து ஜன்னலோரம் கட்டில் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுச் சுவர் தெரிகிறது. காலையிலும் பார்த்தேன், மத்தியானமும் பார்த்தேன். மாற்றம் இல்லை.

ஜூலை 1, ஞாயிறு

வாஹித் வந்தான். பட்டை வந்ததா, சுண்ணாம்புத் தொட்டியைப் பார்த்தாயா, பட்டணத்துச் சரக்கு போனதா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஆச்சு அண்ணே என்றான். முகம் தெளிவாக இருந்தது. அவன் போன பிறகு எனக்குப் பசிக்கவில்லை.

ஜூலை 3, செவ்வாய்

தாகம். நசீமா முற்றத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. பிரியாணி விஷயத்தில் திட்டியது இன்னும் மனதில் இருக்கிறது போலும் என்று நினைத்தேன். மறுபடி கூப்பிட்டேன். பிறகு நன்றாகக் கத்தினேன். தெருவில் போன ஒருவர் நின்று, யாரைக் கூப்பிடுகிறீர்கள் பாய் என்று கேட்டார். உங்களை இல்லை என்றேன்.

கீரையை எடுத்துக்கொண்டு எழுந்தவள் தற்செயலாக என்னைப் பார்த்தாள். ஓடி வந்தாள். "கூப்பிட்டீங்களா?"

கோபத்தில் இருக்கிறவள் முகம் இல்லை அது. பயந்த முகம்.

ஜூலை 5, வியாழன்

இரண்டு நாளாக யோசித்துக்கொண்டே இருந்தேன். இன்று அவள் கட்டில் பக்கத்தில் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் முதுகுக்குப் பின்னால் பித்தளைச் சொம்பைக் கீழே போட்டேன். அடுப்பங்கரையிலிருந்து ஃபரீதா ஓடி வந்தாள். பக்கத்து வீட்டில் குழந்தை அழ ஆரம்பித்தது. நசீமா துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஃபரீதாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள், பிறகு அழுதாள், பிறகு சொன்னாள். அம்மாவுக்கு முன்பு ஒரு முறை விஷக்காய்ச்சல் வந்ததே, அதிலிருந்து. முதலில் வலது காது. இப்போது இடதும் போய்க்கொண்டிருக்கிறது. செவிட்டுப் பெண்டாட்டி என்று ஊரில் பேசுவார்கள், அத்தாவுக்குத் தலைகுனிவு என்று அம்மா யாரிடமும் சொல்லவிடவில்லை. உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாளாம். நான் பேசுவதை மட்டும் முடியாதாம்.

"உங்க உதட்டைப் பாக்கறதுக்குள்ள நீங்க போய்டறீங்க அத்தா."

எத்தனை வருஷம்? ஒரே வீட்டில்தானே இருந்தேன்? இருந்தேனா?

ஜூலை 6, வெள்ளி

ஃபரீதாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நசீமாவைக் கையசைத்துக் கூப்பிட்டேன். கட்டிலுக்கு எதிரே முக்காலியில் உட்காரச் சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. என் காதைத் தொட்டேன். பிறகு அவளைக் காட்டினேன்.

அவள் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். ஏதோ அது வெளியே தெரிகிற காயம் மாதிரி.

"ஃபரீதாவைத் திட்டாதீங்க. நான்தான் சொல்ல வேணாம்னேன்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் வாயை உற்றுப் பார்த்தாள். இன்னொரு முறை கேட்டேன், மெதுவாக.

"சொல்லலாம்னு ரெண்டு மூணு வாட்டி வந்தேன். நீங்க உக்காந்தாத்தானே சொல்றது."

திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. குழம்பில் உப்பு கம்மி என்பது மாதிரி சொன்னாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அப்படியானால் இத்தனை நாள் நான் சொன்னதற்கெல்லாம் சரி சரி என்றாயே என்று கேட்டேன்.

"ரயிலு, வாஹித்து, தோலு. இந்த மூணுல ஒண்ணுதான் சொல்வீங்க. எதுக்கும் சரின்னா சரியாப் போய்டும்."

ஒரே ஒரு முறை நாலாவதாக ஒன்றைச் சொன்னேன். பெங்களூர்க்காரர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ஜூலை 9, திங்கள்

நான் பேசுவதில் பாதிதான் பிடிபடுகிறது என்றாள். ஏன் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, மீசை மேல் உதட்டை மறைக்கிறது என்றாள்.

நாவிதரை வீட்டுக்கு வரவழைத்தேன். மீசையை எடுங்கள் என்றதும், ஒதுக்கி விடவா என்று கேட்டார். முழுதும் என்றேன். யாராவது தவறிவிட்டார்களா பாய் என்று மெதுவாக விசாரித்தார்.

மாலையில் வாஹித் வந்து வாசலிலேயே நின்றுவிட்டான். சிறிது நேரம் கழித்துத்தான் சலாம் சொன்னான்.

ஜூலை 16, திங்கள்

தெரிந்துகொண்டவை. அவள் கையில் வேலை இருக்கும்போது பேசக்கூடாது. வெளிச்சம் என் முகத்தில் விழ வேண்டும், முதுகில் இல்லை. வாயில் வெற்றிலை இருக்கக்கூடாது. சொல்ல வந்ததைச் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்தது. கத்தினால் உதடு கோணுகிறது; கத்துவதில் பயனில்லை. இருட்டினால் பேச்சு முடிந்தது.

இப்படிப் பேசினால் ஒரு நாளில் கொஞ்சம்தான் பேச முடியும். நான் இதுவரை பேசியதில் எதைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் நஷ்டமில்லை என்று தெரிகிறது.

அவளும் பேசுகிறாள். ஜாஸ்தியாகவே பேசுகிறாள். ஷாப் ஆட்களில் யார் வீட்டில் என்ன நடக்கிறதென்று என்னை விட அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காது கேட்காமல் எப்படித் தெரியும் என்றேன். எல்லோருக்கும் உதடு இருக்கிறதே என்றாள்.

ஜூலை 24, செவ்வாய்

காலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திட்டம் போட்டேன். பேரணாம்பட்டில் ஒரு ஹக்கீம், யுனானி வைத்தியர். அங்கிருந்து வேலூர். அங்கிருந்து அப்படியே பட்டணம், பெரிய டாக்டர். ஒரே வாரத்தில் முடித்துவிடலாம். வாஹித்துக்குச் சொல்லி வண்டிக்கும் ஏற்பாடு செய்துவிட்டு அவளிடம் சொன்னேன்.

"என் காதுக்கு இன்னா ரயிலா புடிக்கணும்?" என்றாள். கட்டோடு பட்டணம் போனால் கால் கோணலாகக் கூடிவிடும், அப்புறம் செவிடும் நொண்டியுமாக இரண்டு பேரை ஃபரீதா பார்க்க வேண்டியிருக்கும் என்றாள்.

வேலூர் மட்டும் என்று முடிவாயிற்று. எப்படியும் கட்டைக் காட்டப் போகத்தான் வேண்டும்.

ஜூலை 30, திங்கள்

வேலூர் போய் வந்தோம்.

காது டாக்டர் ஓர் இரும்புக் கவையைத் தட்டித் தட்டி அவள் காதருகே பிடித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் பேசினார். நரம்பு பட்டுப்போய்விட்டது. இடது காதில் மிச்சமிருப்பதும் இந்த வருஷத்துக்குள் போய்விடும். பட்டணம் போனாலும் இதையேதான் சொல்வார்கள், அலைய வேண்டாம் என்றார். நல்ல மனிதர். ஆனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நசீமா பார்த்துவிட்டாள்.

காட்பாடி ஸ்டேஷனுக்கு ஜட்காவில் கிளம்பினோம். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். வண்டிக் குலுக்கலில் என் முகம் நிற்கவில்லை, அவள் முகமும் நிற்கவில்லை. பாலாற்றுப் பாலத்துக்கு இப்பால் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினால் ரயில் போய்விடும் என்றார் வண்டிக்காரர். போகட்டும் என்றேன். இதை என் வாயால் சொன்னேன் என்று வாஹித் நம்ப மாட்டான்.

அவளுக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்து, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. குறைத்தால் உதட்டில் தெரிந்துவிடும்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "போய்ட்டே இருக்கறது எனக்குத் தெரியாதா?"

ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல்தான். இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். பிறகு அவளாகவே சொன்னாள்.

"ஃபரீதா குரலு புதுசா மாறிக்கிட்டே இருக்கு. அது எப்படி ஆவும்னு தெரியாமப் போய்டும். உங்க குரலு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வாசல்ல இருந்து வரும்."

அவள் முந்தானையில் விழுந்திருந்த புளிய இலையை எடுத்துப் போட்டேன்.

வண்டிக்காரர் குதிரைக்குப் புல் போட்டார். ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலுக்கு ஸ்டேஷன் பெஞ்சில் காத்திருந்தோம். வேர்க்கடலை வாங்கித் தின்றோம். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது இதுதான் முதல் தடவை என்றாள். மறுக்க யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஆகஸ்டு 11, சனி

அவளுடைய இடது காதில் வாயை வைத்துப் பேசினால் கொஞ்சம் கேட்கிறது. எனவே மாலையில் சிறிது நேரம் அப்படிப் பேசுகிறேன். வாசலிலிருந்து வராத குரல். என்ன பேசுவதென்று தெரியாத நாட்களில் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் சுவரைப் பற்றிச் சொல்கிறேன். அந்தச் சுவரில் நிறைய இருக்கிறது.

ஆகஸ்டு 27, திங்கள்

கட்டைப் பிரித்து மூன்று நாளாயிற்று. கால் மற்றதை விட இளைத்திருக்கிறது, நிற்கிறது.

இன்று முதல் முறை ஷாப்புக்குக் கிளம்பினேன். தடியை எடுத்துக்கொண்டு, வாசலிலிருந்து "வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். தெருக்கோடி வரை போனதும் நின்றேன். யாரிடம் சொன்னேன்? திரும்பி வந்து, அடுப்பங்கரைக்குப் போய், எதிரில் நின்று, வர்றேன் என்று சொன்னேன்.

"நீங்க போனதே எனக்குத் தெரியாதே" என்றாள். "இன்னாத்துக்குத் திரும்பி வந்தீங்க?"

சொல்றதுக்குத்தான் என்றேன்.

செப்டம்பர் 12, புதன்

நான் இல்லாத இரண்டரை மாதத்தில் ஷாப்பு கெட்டுப்போயிருக்கும் என்று எதிர்பார்த்தேன். கெடவில்லை. பட்டணத்து வியாபாரிகள் வாஹித்திடம் நன்றாகப் பேசுகிறார்களாம். இது எனக்குக் கொஞ்சம் பேஜாராகத்தான் இருந்தது. இரண்டு நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை.

இன்று அவனிடம் சொன்னேன்: பட்டணம் இனி நீ போ, தொட்டிகளை நான் பார்க்கிறேன். அண்ணிக்கு உடம்பு ரொம்ப முடியலியா அண்ணே என்று கேட்டான். நன்றாக இருக்கிறாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு எதிரில் ஆள் வேண்டுமாம் என்றேன்.

அக்டோபர் 23, செவ்வாய்

காலையில் இடது காதில் பேசினேன். சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, "பேசுங்க" என்றாள்.

பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

அக்டோபர் 24, புதன்

ஷாப்புக்குப் போகவில்லை. அவள் அழுதாள். எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஃபரீதா சமைத்தாள்.

நவம்பர் 7, புதன்

மத்தியானத்திலிருந்து மழை. ஷாப்பில் தோல்களை உள்ளே எடுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நசீமா ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிற படத்தைப் பார்க்கிற மாதிரி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

மழை பெய்கிறது, மழைச் சத்தம் என்றேன். அது எனக்கே தெரியுமே என்றாள். எனவே முக்காலியை இழுத்துப் போட்டு, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுச் சொன்னேன். இப்போது ஓட்டின் மேல் தடதடவென்று. இப்போது குறைகிறது. பக்கத்து வீட்டுத் தகரத்தில் அதே மழைக்கு வேறு சத்தம். முற்றத்து அண்டாவில் விழுவது முதலில் கணீரென்று இருந்தது, தண்ணீர் நிறைய நிறைய அடங்குகிறது. தெருவில் யாரோ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். இல்லை, செருப்பு ஊகம். கால் சத்தம் மட்டும்தான் கேட்டது என்று திருத்தினேன். அவள் சிரித்தாள்.

மழை ஒரே மாதிரி பெய்வதில்லை. நாற்பத்தாறு வயதில் இதைத் தெரிந்துகொண்டேன்.

ஷாப்பிலிருந்து ஆள் வந்து, வாஹித் அவசரமாகக் கூப்பிடுவதாகச் சொன்னான். வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மழை விட்டது. வெளியே வானம் தெளிந்திருப்பதை அவள் பார்த்தாள். "நின்னுடுச்சி, நீங்க கிளம்புங்க" என்றாள்.

இன்னும் இல்லை, ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது என்றேன். ஒரு சொட்டு. பிறகு கொஞ்சம் இடைவெளி. பிறகு ஒரு சொட்டு. அதையும் சொன்னேன். முடிய நேரமாயிற்று.