உப்புச் சாக்கில் வந்த மணல்

மச்சான்,

போன மாதம் இரண்டு நாளாக விடாத மழை. ஆய்வுகூடத்தில் பழைய மண் மாதிரிகளை வீசிவிட்டு அலுமாரிகளைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு பையாக இறக்கிக்கொண்டிருந்தேன். கடைசித் தட்டில் கை வைத்தபோது ஈரம். கூரை ஒழுகியிருக்கும் என்று நிமிர்ந்து பார்த்தால் கூரை நன்றாகத்தான் இருந்தது. மற்றப் பைகள் எல்லாம் காய்ந்து கிடக்க, உன் கையெழுத்து இருந்த ஆறு பைகள் மட்டும் நனைந்திருந்தன. ‘குறிஞ்சிப்பிட்டி, கடைசித் துண்டு’ என்று நீ எழுதியிருந்த நீல மை பாதி பரவிவிட்டது.

ஒரு பையைத் தூக்கிப் பார்த்தேன். முடிச்சுக்கு மேலே மண் கிடையாது, வெறும் துணிதான். அந்தத் துணியும் பிழிந்தால் சொட்டும் போல இருந்தது. மழைக்காலத்தில் காற்றில் இருந்து தண்ணீரை இழுப்பது உப்பு. புத்தளத்தில் பிறந்தவனுக்கு இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரத் தேவையில்லை. நின்ற இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் என் பழக்கம் விடவில்லை. முடிச்சுக்கு மேலே இருந்த துணியில் ஒரு துண்டை வெட்டி, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, உப்பு அளக்கும் கருவியை அதில் இறக்கினேன். எண் விறுவிறு என்று ஏறியது. கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ மவுத்தாகி மண்ணுக்குள் போய் இரண்டு வருடம் கழித்து, நீ சொன்னதுதான் சரி என்று தெரிந்துகொண்டேன்.

யுத்தம் முடிந்து, இடம்பெயர்ந்து வந்து புத்தளத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்களுக்குப் பயிர் செய்யக் காணி கொடுக்கப் போகிறார்கள் என்று கதை வந்த காலம் அது. குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் ஒரு மணல் நிலம் பார்த்து, துண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். கொடுப்பதற்கு முன் அது எந்த வகை மண், எந்தப் பயிருக்கு ஆகும் என்று நம் மண் ஆய்வுக் கந்தோரிலிருந்து எழுதிக் கொடுக்க வேண்டும். குழி வெட்டி, படை படையாகப் பார்த்து, நிறத்தையும் ஆழத்தையும் குறித்து மாதிரி எடுப்பது உன் வேலை. ஆய்வுகூடத்தில் அதைச் சோதிப்பது என் வேலை. பல வருடத்து மழைப் பதிவுகளையும், நிலத்தின் மேடு பள்ளத்தையும், என் சோதனை எண்களையும் ஒன்றாக வைத்து அறிக்கை எழுதுவதும் நான்தான். காணி கேட்டவர்களின் பட்டியலில் உன் பெயரும் இருந்தது. கடைசித் துண்டில் உனக்கு ஒரு பங்கு என்று பேச்சு.

நீ இடுப்பளவு குழிக்குள் நின்று வேலை செய்வதைப் பார்க்க எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். மண்ணை விரலால் தேய்ப்பாய், நிறப் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பாய், கடைசியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பாய். ஒருநாள் நான் மேலே நின்று கேட்டேன்.

“மச்சான், மண் திங்கிற ஆச புள்ளத்தாச்சிப் பொம்புளைகளுக்குத்தானே வாறது. உனக்கு எத்தின மாசம்?”

நீ துப்பிவிட்டுச் சொன்னாய்: “நீ கண்ணாடிக் குடுவைக்குள்ள மண்ணப் பாத்தவன். நான் மண்ணுக்குள்ள நிண்டு பாக்குறன். பேசாம அந்த அளவு நாடாவப் புடி.”

பேசாமல் பிடித்தேன். மன்னாரில் உன் வாப்பாவின் தோட்டத்து மண்ணைப் பற்றி அன்றுதான் சொன்னாய். அது சிவப்பு மண் என்றாய். வெள்ளைச் சாரன் உடுத்துக்கொண்டு அதில் இறங்கினால் உம்மா ஏசுவாவாம். தொண்ணூறில் முஸ்லிம்களை மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது, கையில் பிடித்த சாமானோடு வெளியேறிய உன் காலில் ஒட்டியிருந்த அந்தச் சிவப்பு, புத்தளத்துக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் போனதாம். யுத்தம் முடிந்து போய்ப் பார்த்தால் தோட்டம் முழுக்கக் காடு, காணி உறுதிப் பத்திரமும் இல்லை. “அங்க எனக்கு மண் இரிக்கு, காணி இல்ல. இங்க ரெண்டும் இல்ல” என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போனாய்.

கடைசித் துண்டுக்கு வந்தபோது துணிப் பைகள் முடிந்துவிட்டன. புதுப் பைகள் வரப் பல கிழமை ஆகும் என்றார்கள். அறிக்கை கொடுக்க வேண்டிய தவணையோ நெருங்கிவிட்டது. நான்தான் வழி கண்டுபிடித்தேன். உப்பளத்தில் வேலை செய்யும் என் மச்சினனிடம் பழைய சாக்குகள் வாங்கி, வீட்டில் கொடுத்துச் சின்னப் பைகளாகத் தைப்பித்தேன். எங்கள் வீட்டுக் கிணற்றில் அள்ளி இரண்டு தரம் நானே அலசி, வெயிலில் காயப்போட்டேன். எங்கள் கிணறு கடல் தண்ணீர் ஏறி நிற்கும் களப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது என்று நீயே என்னை எத்தனை தரம் கேலி செய்திருக்கிறாய். மண் சோதிக்கிற உத்தியோகத்தன் நான். உப்புச் சாக்கை உவர்த் தண்ணீரில் கழுவிவிட்டு, கழுவியாயிற்று என்று நம்பினேன்.

நீ பையை வாங்கி முகர்ந்து பார்த்தாய். “கழுவினதுதானே?”

“ரெண்டு தரம்.”

“அப்ப சரி.”

அன்று முழுக்கத் தூறல். ஈர மணலை அந்தப் பைகளில் கட்டிக் கொண்டுவந்து, மூன்று நாள் விறாந்தையில் அப்படியே வைத்திருந்தோம். மணலில் உப்பு கொஞ்சம் சேர்ந்தாலும் கருவியில் பெரிதாகக் காட்டும். இதை நான் எத்தனையோ பேருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன்.

முதல் துண்டுகளின் எண்கள் எல்லாம் நல்லபடியாக வந்தன. கடைசித் துண்டு மட்டும் உவர் நிலம் என்று வந்தது. நீ கேள்விப்பட்டு ஆய்வுகூடத்துக்கு வந்தாய். சாரன் ஓரத்தில் மணல் ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னேன், நீ உட்காரவில்லை.

“மச்சான், அது மேட்டு மணல். மழ விழுந்தா உப்பு அதுல நிக்காது, கீழ போயிரும். பக்கத்துக் கிணத்துல குடிச்சோமே, நல்ல தண்ணி. நானும் நாக்குல வெச்சுப் பாத்தன். மழ ஒண்டச் சொல்லுது, மேடும் அதத்தான் சொல்லுது. உன்ட மெசின் மட்டும் வேற சொல்லுது.”

“மூணு தரம் செஞ்சன். மூணு தரமும் ஒரே எண்.”

“புதுசா மண் எடுத்துச் செய்வம். நாளைக்கே போவம் வா.”

ஒரே பையிலிருந்து எடுத்து முப்பது தரம் செய்தாலும் ஒரே எண்தான் வரும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மூன்று தரம் செய்தேன் என்கிற பெருமைதான் இருந்தது. மேலிடத்துக்கு அறிக்கை போக இரண்டு நாள்தான் இருந்தது. கோபம் மூக்கு நுனியில் நின்றது. அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

“உன்ட பேர் அந்த லிஸ்ட்ல இரிக்கு. அதனாலதானே இப்பிடிக் கதைக்கிறாய்?”

 பதிலுக்கு நீ இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையில் கிடந்த நிறப் புத்தகத்தை எடுத்து, பக்கங்களைச் சரி செய்து மூடி, அதன் இடத்தில் வைத்தாய். “சரி மச்சான்” என்று சொல்லிவிட்டு வெளியே போனாய். அதன் பிறகு அந்தக் காணியைப் பற்றி நீ வாய் திறக்கவே இல்லை. அடுத்த நாள் வழக்கம்போல ஆளுக்குப் பாதிப் பாணும் பிளேன்ரீயும் பகிர்ந்துகொண்டோம். உனக்குக் கோபம் போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அறிக்கையில் கடைசித் துண்டுக்கு நேரே, பயிருக்கு ஆகாது என்று எழுதினேன். மற்றத் துண்டுகளில் பங்கு கிடைத்த குடும்பங்கள் போய்க் கொட்டில் போட்டு, கிணறு வெட்டி, வெங்காயம் நட்டார்கள். கடைசித் துண்டுக்காரர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். மழை பெய்தால் முழங்கால் வரை வெள்ளம் வரும் அந்த அகதி முகாம் வீட்டில்தான் உன் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பிறகு ஒருநாள் அந்த நிலத்தைச் சுற்றி முள்ளுக்கம்பி வேலி வந்தது. யாரோ உல்லாச விடுதி கட்டப்போகிறார்களாம்.

ஒரு பின்னேரம் வேலையிலிருந்து வந்து நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தாயாம். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது நீ இல்லை. மையவாடியில் எல்லோரோடும் சேர்ந்து நானும் மூன்று பிடி மண் போட்டேன். முதல் பிடியை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்துவிட்டேன் மச்சான். வெளிறிய மணல், மெல்லிய பருக்கை, ஒட்டாதது. நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். எனக்குத்தான் அன்று சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அழுகை இப்போதுதான் வருகிறது, அதுவும் நேரம் காலம் தெரியாமல்.

ஈரப் பைகளைக் கண்ட மறுநாள் மழை விட்டதும் பஸ் ஏறிக் குறிஞ்சிப்பிட்டிக்குப் போனேன். வேலிக்குள் காவலுக்கு இருந்தவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு உள்ளே விட்டார். நீ குழி வெட்டிய இடங்களைத் தேடி ஆறு இடத்தில் மறுபடி தோண்டி மண் எடுத்தேன். குழியில் இறங்கி நிற்கத் தெரியாமல் ஒருதரம் சரிந்து விழுந்தேன். ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்தேன். மணல் பல்லில் நெறுநெறுத்தது, உப்பு இல்லை. இந்த முறை புதுப் பொலித்தீன் பைகளில் கொண்டுவந்து சோதித்தேன். ஆறும் நல்ல மண்.

என் பிழையை விவரமாக எழுதி, என் பெயரும் கையெழுத்தும் போட்டு மேலே அனுப்பினேன். “முடிஞ்ச விசயத்த ஏன் கிண்டுறீங்க?” என்று கேட்டார்கள். கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். இனி அந்த வேலி இதற்காகக் கழன்று வராது என்று எனக்கும் தெரியும்.

ஆனால் மதினிக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உன் வீட்டுக்குப் போனேன். அவ கற்பிட்டிப் பக்கம் வேறு ஆட்களின் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறா. அன்று லீவு. வாசலில் கதிரை எடுத்துப் போட்டா. நான் சாக்கு, கிணறு, கருவி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். உன்னிடம் கேட்ட அந்தக் கேள்வியையும் சொன்னேன். ஏசுவா என்று காத்திருந்தேன். 

“அவருக்கு அது நல்ல மண் எண்டு தெரியும் நானா. அண்டைக்கே வந்து எங்கிட்டச் சொன்னாரு.”

“பொறகு ஏன் மதினி அவன் சும்மா இருந்தான்?”

“சும்மா இருக்க ஆக்கள் விடல்ல. துண்டு கெடைக்காத சனமெல்லாம் சேந்து, வேற எடத்துல குடுத்துச் சோதிக்கோணும் எண்டு கடதாசி எழுதி இவருக்கிட்டக் கொண்டு வந்தாங்க. மண் வேல தெரிஞ்ச ஆள் நீங்கதான், நீங்க போட்டாத்தான் எடுபடும், மொதல்ல நீங்க கையெழுத்துப் போடுங்க எண்டாங்க. இவரு போடல்ல. என்ட கூட்டாளி பாத்தது, அவன் பிழையாச் செய்யமாட்டான் எண்டு சொல்லி அனுப்பிட்டாரு. அதோட அந்தக் கடதாசியும் போகல்ல.”

அவ தேத்தண்ணி ஊற்ற எழுந்து உள்ளே போனா. நான் வாசலில் தனியாக இருந்தேன்.

நாக்கில் வைத்துப் பார்த்தவன் நீ. அது நல்ல மண் என்று உனக்குத் தெரியும். உன் பெயர் பட்டியலில் இருப்பதால் கதைக்கிறாய் என்று கேட்டவன் நான் என்பதும் தெரியும். அப்படி இருந்தும் என்னைப் பிழைகாரன் ஆக்குகிற அந்தக் கடதாசியில் நீ பேனா வைக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை நாள் எனக்குப் பாதிப் பாணைப் பிய்த்துத் தந்தாய், ஒருநாளாவது அதை நீ சொல்லவில்லை. நான் போட்ட கையெழுத்துகள் எல்லாம் கோப்புகளில் கிடக்கின்றன மச்சான். நீ போடாமல் விட்ட அந்த ஒரு கையெழுத்தை வைக்க எனக்கு எங்கேயும் இடமில்லை. அதை நான்தான் கொண்டு திரிகிறேன்.