ஓலையில் ஏறாத நோய்

என் அருமை மகன் தெய்வசிகாமணிக்கு, பழவேற்காட்டிலிருந்து உன் நைனா எழுதுவது. நாகப்பட்டினத்தில் நீயும் மருமகள் திரௌபதியும் நோய்நொடியில்லாமல் இருக்க அம்மன் துணையிருக்கட்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அம்மா போய்விட்டாளடா. இன்றோடு ஒன்பது நாள்.

கார்த்திகையில் கோட்டையிலிருந்து பறை அறைந்தார்கள். வயிற்றுப்போக்கில் இரத்தம் போகிற இரத்தக் கடுப்பு கண்டவர்களை வைத்தியர்கள் அன்றைக்கே ஓலையில் எழுதிக் கொடுக்கவேண்டும், நோயாளியை முகத்துவாரத்து மணல் திட்டில் போட்ட கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார்கள், மறைத்தால் வைத்தியனுக்குச் சிறை. குப்பம் முழுக்க ஒரே கிணற்றுத் தண்ணீர், நோய் பரவாமலிருக்க நல்லதுதான் என்று மற்ற வைத்தியர்களோடு நானும் சத்தியம் செய்து கொடுத்தேன். நான் முதலில் எழுதிக் கொடுத்தது நம் பக்கத்து வீட்டு வரதன் மனைவி பொன்னியம்மாளை. மூன்றாம் நாள் கொட்டகையில் செத்தாள், வாயில் தண்ணீர் விடச் சொந்த மனிதர் ஒருவரில்லை. அதிலிருந்து இந்தக் குப்பத்தில் யாருக்கும் வயிறே வலிப்பதில்லை, அத்தனை ஆரோக்கியம்! முள் குத்தினது, கட்டி, பல்வலி, இவ்வளவுதான் என்னிடம் வரும். நான் தெருவில் நடந்தால் கதவைச் சாத்துகிறார்கள். உன் அம்மாதான் எங்க வீட்டுக்காரர் மேல் என்ன தப்பு என்று கிணற்றடியில் சண்டைக்கு நிற்பாள்.

அவளுக்கே கண்டிருக்கிறது. ஆறு நாள் எனக்குத் தெரியாது. விடியுமுன் ஏரிக்கரைக்குப் போய்ப் புடவையை அலசி உலர்த்தியிருக்கிறாள். எனக்குச் சோறு போட்டுவிட்டு, தனக்கு விரதம் என்றாள். ஊருக்கெல்லாம் நாடி பார்க்கிற இந்த மடையன் நம்பினேன். மருந்துப் பெட்டியில் கடுப்பை நிறுத்துகிற மாதுளை ஓடு இருந்தது, எடுத்தால் கேட்பேன் என்று அதையும் தொடவில்லை. ஏழாம் நாள் அடுப்படியில் விழுந்தபோதுதான் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். ஏன்டி சொல்லவில்லை என்று கத்தினேன். ஒங்களுக்குத் தெரிஞ்சா எழுதிக் குடுக்கணும், எழுதலன்னா ஒங்களப் புடிச்சினு பூடுவாங்க, நான் இன்னா பண்றதுனு கேட்டாள். கஷாயம் உள்ளே இறங்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டாள். முதல் நாளே சொல்லியிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அங்கேயும் உன்னைப்போன்ற வைத்தியர்களிடம் சத்தியம் வாங்குகிறார்கள் என்று எழுதியிருந்தாய். கொடுக்காதே என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை, நோய் பரவினால் குழந்தைகள்தான் முதலில் சாகும். ஆனால் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்கலாம் என்று எழுதி வாங்கிக்கொள், பிறகு சத்தியம் செய். நான் அதைக் கேட்காமல் விட்டேன்.

என் இந்த ஓலை கண்ட அன்றே கடலில் தலைமுழுகி எள்ளும் தண்ணீரும் இறைத்துவிடு, மறக்காதே. நீங்கள் இரண்டு பேரும் பிள்ளைகுட்டிகளோடு நூறு வயது வாழவேண்டும். நேற்று கோட்டைக் கணக்கர் வந்து உன் அம்மா பெயரைச் சாவுக் கணக்கில் பதிந்துகொண்டார். வைத்தியம் பார்த்தது யார் என்று கேட்டார். யாருமில்லை என்று எழுதச் சொன்னேன்.

இப்படிக்கு,
உன் நைனா
வேதாசலம்